எந்த மேக்கணக்கு?

அந்தப் பெட்டியில் சரி அடையாளம் போட்டது நீங்கள்தான். "ஒரே பெயருள்ள தலைப்புகளை ஒன்றாக்கு" என்று எழுதியிருந்த சின்னப் பெட்டி. கொழும்பில் உங்கள் மேசையில் உட்கார்ந்து அதில் சரி போட்டீர்கள். பிறகு இம்போர்ட் பொத்தானை அழுத்தினீர்கள். அன்றிலிருந்து என் அக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கும் லயம், அந்தத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பு, உங்கள் ஃபைலில் இல்லாமல் போனது. இதை ஃபோனில் சொன்னேன், வட்ஸ்அப்பில் சொன்னேன், நேரில் வந்தும் சொன்னேன். நீங்கள் ஒழுங்கான பதில் தரவில்லை. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பாதி ரப்பர், பாதி தேயிலை. இப்போது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் வேலை. மண்சரிவு முன்னெச்சரிக்கைத் திட்டம் ஒன்றின் கிளை அலுவலகம் அது. அலுவலகம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு அறை, ஒரு கொம்பியூட்டர், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன், நான். எனக்கு மேலே கொழும்பில் தகவல் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் "நீங்கள்" என்று எழுதுகிறேன். பெயரைப் போட மாட்டேன். அவருக்குத் தெரியும்.

எங்கள் வேலை டொபிக் மேப் ஒன்றை வைத்து நடக்கிறது. காகிதத்தில் கீறிய படம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு ஆளும் அதில் ஒரு தலைப்பு. தலைப்புக்கும் தலைப்புக்கும் இடையில் தொடர்பு போடுவோம். வெடிப்பு விழுந்த மலை ஒரு தலைப்பு. அதன் கீழே இருக்கும் லயம் இன்னொரு தலைப்பு. "இதற்குக் கீழே அது" என்பது தொடர்பு. அந்த லயத்துக்குப் பொறுப்பான தலைவர் மற்றொரு தலைப்பு, அவருடைய ஃபோன் நம்பர் அவரோடு ஒட்டியிருக்கும். மலையில் மழை அளவு எல்லையைத் தாண்டினால் மென்பொருள் இந்தத் தொடர்புகளைப் பிடித்துக்கொண்டே போகும். கடைசியில் இருக்கும் நம்பருக்கு வட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பும். வெளியேறுங்கள் என்று. அவர் லயத்தில் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் கீழே பாடசாலைக்கு இறக்குவார்.

நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தொடர்புகளைப் போட அட்டைக் கடியோடு மலை மலையாக ஏறினேன். எஹலியகொட பக்கத் தோட்டங்கள்வரை போனேன். பிடித்துத்தான் செய்தேன்.

இப்போது கணக்கு என்ற சொல்லுக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் கெட்டது.

வெளியில் கணக்கு என்றால் கூட்டல், கழித்தல், வங்கியில் இருப்பது. தோட்டத்தில் அது இடம். தோட்டத்தை நடத்தும் துரைமார் டிவிஷன் என்பதை நாங்கள் கணக்கு என்போம். மேலே இருந்தால் மேக்கணக்கு, கீழே இருந்தால் கீக்கணக்கு. "எங்க கட்டிக் குடுத்திருக்கு?" "மேக்கணக்குல." இப்படித்தான் பேச்சு. எங்கள் தோட்டத்தில் ஒரு மேக்கணக்கு இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்திலும் இருக்கிறது. எஹலியகொட பக்கம் போனால் அங்கேயும் இருக்கிறது. மலை இருக்கும் இடமெல்லாம் மேலும் இருக்கும், கீழும் இருக்கும். அதே மாதிரி ஒவ்வொரு மேக்கணக்குக்கும் மேலே ஒரு மேமலை.

பழைய மென்பொருளில் இது தொல்லையாக இருக்கவில்லை. எங்கள் மேக்கணக்கு எங்கள் தோட்டத்தோடு கட்டியிருந்தது. அவர்களுடையது அவர்களுடைய தோட்டத்தோடு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனி அடையாளம் இருந்தது. பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒரு லயத்தில் எத்தனை செல்வி இருக்கிறார்கள், யாராவது குழம்புகிறார்களா?

பிறகு புது மென்பொருள் வாங்கினீர்கள். பழையதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்ய வேண்டும் என்றீர்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த உள் அடையாளங்களை விட்டுவிட்டீர்கள். ஃபைல் பெரிதாகிறது என்று காரணம் சொன்னீர்கள். இம்போர்ட் செய்யும்போது அந்தப் பெட்டியில் சரி போட்டீர்கள்.

நியாயமாகச் சொல்கிறேன். ஒன்றாக்கும் வேலைக்கு அவசியம் இருந்தது. எஹலியகொட என்ற ஊரே பல எழுத்துக்கூட்டலில் பல தலைப்பாகக் கிடந்தது. அதைத் துப்பரவாக்கித் தரும்படி உங்களிடம் கேட்டவளும் நான்தான். ஆனால் பார்த்துப் பார்த்து ஒன்றாக்குவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்குவது வேறு. எஹலியகொடைகள் அப்படியே தனித்தனியாகக் கிடந்தன, எழுத்து வேறு என்பதால். மேக்கணக்குகள் எல்லாம் ஒன்றாகிப்போயின, எழுத்து ஒன்று என்பதால்.

அடுத்த நாள் காலையில் திரையில் ஒரே ஒரு மேக்கணக்கு இருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு மேமலை. மென்பொருள் தானாகவே ஆங்கிலப் பெயரும் போட்டிருந்தது: அப்பர் எக்கவுண்ட். சிங்களத்தில் "உட கினும". பிரதேச செயலகத்தில் இருக்கும் சிங்கள நோனா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நங்கி, ஏ மொகக்த, உட கினும? பேங்க் எகேத?" என்று சிரித்தார். வங்கியில் இருக்கும் கணக்கா என்று கேட்கிறார். நானும் சிரித்தேன்.

ஒன்றாகிப்போன அந்த மேக்கணக்குக்குத் தலைவர்கள் பல பேர். ஆனால் புது மென்பொருளில் முதன்மைத் தொடர்பாளர் என்று ஒருவரைத்தான் வைக்கலாம். கடைசியாக இம்போர்ட் ஆன ஃபைலில் இருந்தவரை அது எடுத்துக்கொண்டது. அவர் எஹலியகொட பக்கத்து ஆள். எங்கள் தலைவருடைய நம்பர் எங்கே போனது என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை. என்னுடைய உரிமையைப் "பார்வையாளர்" என்று மாற்றியிருந்தீர்கள். பார்க்கலாம், தொட முடியாது. உள்ளே திறக்கவும் முடியாது.

உடனே உங்களுக்கு எழுதினேன். "சேர், மேக்கணக்கு எல்லாம் ஒண்ணாயிடுச்சு. தனித்தனி இடம் அது." நீங்கள் ஒரு கட்டைவிரல் அனுப்பினீர்கள். மறுபடி எழுதினேன். "டூப்ளிகேட் கிளீன் பண்ணியாச்சு, இம்போர்ட் லொக்ல ஒரு எரரும் இல்ல" என்று பதில் வந்தது. லொக் என்பது மென்பொருள் தானாக எழுதிவைக்கும் பதிவு. உங்களுக்கு ஃபோன் எடுத்தேன்.

"சேர், எரர் இல்லதான். ஆனா தப்பு."

"எரர் இல்லாம தப்பு எப்படி வரும்? கணக்குன்றது எக்கவுண்ட் தானே. இடத்துக்கு ஏன் அந்தப் பேர வைக்கிறீங்க?"

"நான் வைக்கல சேர். நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வச்சது."

"சரி சரி, அடுத்த கிழமை பாப்போம்."

அடுத்த கிழமை பார்க்கவில்லை. அதற்கடுத்த கிழமை மழை தொடங்கியது.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. பிற்பகலில் மேலே மலைப்பக்கம் கறுக்கத் தொடங்கும். கடைத்தெருவில் ஆட்கள் குடையை விரித்துக்கொண்டு சும்மா நடப்பார்கள். நான் ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவில் அலைவேன். தகரத்தில் மழை விழும் சத்தம் கூடினால் மறுபடி திரைக்கு ஓடுவேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மண் வெட்டிய ஓரங்களைப் பார்த்துக்கொண்டே போவேன். அக்கா குடியிருக்கும் அறை, அவளுடைய காம்பரா, லயத்தின் கடைசி. அதற்குப் பின்னால் குசினி, குசினிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான், கானுக்கு அந்தப் பக்கம் நேரே மலை. வெடிப்பு விழுந்த மலை. அதை அளந்து ஃபைலில் போட்டது நான். ஃபைலிலிருந்து எடுத்தது நீங்கள்.

ஒரு நாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டு, மழை நிற்கும்வரை பாடசாலைக்குப் போய் இரு என்றேன். போனாள். அன்று மழை விட்டுவிட்டது. மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். லயத்தில் அவளுக்கு "ரேடியோ அக்கா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னைக்கி வானிலை என்னா அக்கா?" என்று தண்ணீர்ப் பீலியடியில் கேட்பார்களாம். அதன்பிறகு நான் சொன்னால் அவள் கேட்பதில்லை. நீங்களும் எங்கள் பாடசாலையில் கூட்டம் வைத்தபோது மேடையிலிருந்து சொல்லியிருந்தீர்கள்: "மெசேஜ் வந்தால் மட்டும் வெளியேறுங்கள். ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பதற வேண்டாம்." அந்த ஊர்ப்பேச்சு என்பது நான்தான் என்று லயத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே ஊற்றியது. கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டு. களனி கங்கை சேற்று நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அலுவலகத்துக்கு வந்து திரையைத் திறந்ததும் மேமலை சிவப்பாக இருந்தது. எல்லை தாண்டியாயிற்று. எந்த மேமலை? திறந்து பார்க்க எனக்கு உரிமையில்லை.

அலுவலக ஃபோன் அடித்தது.

"அலோ, இந்த மெசேஜ் அனுப்புற எடமா?"

"ஆமாங்க. யாருங்க பேசுறது?"

"எஹலியகொட பக்கத்துலருந்து. மேக்கணக்குத் தலைவரு பேசுறேன். காலையில புடிச்சி ஃபோனு டிங்கு டிங்குன்னு அடிக்குது. மேக்கணக்கு மக்கள் வெளியேறவும், மேக்கணக்கு மக்கள் வெளியேறவும். இங்கன தூத்தல்தாம்மா போடுது. பொம்பளைங்க மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் போயி எல்லாரும் எறங்குங்கன்னு சொன்னேன்னா, தொரை மொதல்ல என்னைய எறக்கிருவாரு."

"ஐயா, அது ஒங்களுக்கு வந்த மெசேஜ்தானான்னு எனக்கே தெரியலைங்க."

"என்னாம்மா சொல்றீங்க? என் நம்பருக்குத்தானே வந்திருக்கு?"

"இங்க எல்லா மேக்கணக்கையும் ஒண்ணாக்கிட்டாங்க. யாருக்கு வரவேண்டியதா இருந்தாலும் ஒங்களுக்குத்தான் வரும்."

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப எந்த மேக்கணக்கும்மா?"

வேலை செய்யும் இடத்தில், அந்த வேலைக்கென்றே வைத்திருக்கும் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த மலை விழப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் இருங்க ஐயா, திரும்ப எடுக்குறேன்" என்று வைத்துவிட்டு உங்களை எடுத்தேன். நீங்கள் செயலமர்வில் இருந்தீர்கள். பின்னால் மைக் சத்தம் கேட்டது. "லொக்ல எரர் இல்லையே. டீ பிரேக்ல எடுக்கிறேன்" என்றீர்கள். ஃபோன் நின்றது.

அக்காவை எடுத்தேன்.

"அக்கா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு எறங்கு."

"மெசேஜ் வந்துச்சா?"

"வந்திருக்கு. வேற ஆளுக்கு."

"வேற ஆளுக்கு வந்தா வேற ஆளு எறங்கட்டும். நான் ஏன்டி எறங்கணும்?"

"வெளையாடாத அக்கா. அங்க மழை எப்பிடி?"

"ஊத்துது. கான் ரொம்பிக் குசினிக்குள்ள வருது. அதுக்காக? போன தடவ ஒன் பேச்சக் கேட்டு எறங்கி நான் பட்ட கேவலம் போதும். அந்த சேரே சொல்லிட்டாரு, ஒன் பேச்ச கேக்க வேணாம்னு."

"அவரு அப்பிடிச் சொல்லல."

"அப்பிடித்தான்டி சொன்னாரு. நல்ல சட்ட போட்டுக்கிட்டு சொன்னாரு."

"சரி, தண்ணி என்னா நெறத்துல வருது? அத மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் நடந்து போவது கேட்டது. பிள்ளை ஒன்று எதற்கோ அழுதது. திரும்பி வந்தபோது குரலில் கிண்டல் இல்லை.

"செவப்பா வருதுடி. மண்ணாத்தான் வருது. காலையில இப்பிடி இல்ல."

"எறங்கு."

"நான் எறங்கிருவேன். இந்த லயத்துல இத்தன சனம் இருக்கே. தலைவரு சொல்லாம ஒருத்தி அசைய மாட்டா. நான் போயி கூப்பிட்டா சிரிப்பாளுக. தலைவருகிட்ட நீயே பேசு."

எங்கள் தலைவரை எடுத்தேன். நல்ல மனிதர், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்பவர். "மெசேஜ் வரலையேம்மா" என்றார். "ஃபோன கையிலயே வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வந்த ஒடனே தட்டிருவேன்." அவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கோ ஒரு மூலையில் வேறொருவர் கையில் அந்த மெசேஜ் டிங்கு டிங்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது.

எஹலியகொட தலைவரைத் திரும்ப எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவையும் சொன்னேன், சிவப்புத் தண்ணீரையும் சொன்னேன். "ஐயா, அந்த மெசேஜ அப்பிடியே எங்க தலைவருக்கு அனுப்புங்க. நம்பர் தாறேன். ஒரு வார்த்த பேசவும் பேசுங்க. நான் சொன்னா எடுபடாது."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் எங்கள் தலைவரிடம் என்ன பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். "அண்ணே, ஒங்க காயிதம் எங்க வூட்டுக்கு வந்திருச்சு. பிரிச்சுப் பாத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஒடனே எறங்கச் சொல்லி எழுதியிருக்கு." அவ்வளவுதான். மெசேஜும் போனது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்தியது: மேக்கணக்கு மக்கள் உடனே வெளியேறவும். தோட்டத்தின் பெயர் அதில் இல்லை. உங்கள் பிழையால் வந்த மெசேஜ், அந்தப் பிழையாலேயே எங்களுக்கும் பொருந்தியது.

எஹலியகொட தலைவர் தன் ஆட்களையும் இறக்கினார். "எங்களுதா இருந்தாலும் இருக்கும்ல" என்றார். துரையிடம் ஏச்சு வாங்கினார். அங்கே ஒரு கல்கூட உருளவில்லை. அதற்காக இன்றுவரை அவர் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. மற்ற மேக்கணக்குகளின் தலைவர்களை, மலை ஏறிய நாட்களில் என் கொப்பியில் எழுதிவைத்த நம்பர்களைப் பார்த்து, ஒவ்வொருவராக நானே எடுத்தேன். சிலர் எடுத்தார்கள், சிலருடைய ஃபோன் வேலை செய்யவில்லை. எடுத்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "மெசேஜ் வந்துச்சா?"

பிறகு அக்காவின் ஃபோன் நின்றுபோனது. எத்தனை முறை எடுத்தேனோ தெரியாது. இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று அந்தப் பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. தமிழில் சொல்லும்வரை காத்திருந்து வைப்பேன், திரும்ப எடுப்பேன். திரையில் மேமலை சிவப்பாகவே இருந்தது. கீழே ஹார்ட்வெயார் கடைக்கார நானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். உங்கள் டீ பிரேக் வந்திருக்கும், போயிருக்கும். நீங்கள் எடுக்கவில்லை.

தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தேன்.

"ரேடியோ அக்கா பேசுறேன்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

எல்லோரும் பாடசாலையில். அவர்கள் இறங்கி முடிந்து, தலைவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது மேலே சத்தம் கேட்டிருக்கிறது. லொறியில் கல் கொட்டுகிற மாதிரி என்றாள். மழை குறைந்தபின் ஆண்கள் சிலர் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். கடைசிக் காம்பராவின் குசினி இல்லை. அந்த இடத்தில் மண்ணும் ஒரு ரப்பர் மரமும். உள்சுவர் பாதிவரை மண். பிள்ளைகள் படுக்கும் பக்கம் அது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டீர்கள்.

உங்கள் அறிக்கை இணையத்தில் வந்தது. "முன்னெச்சரிக்கை உரிய நேரத்தில் உரிய மக்களைச் சென்றடைந்தது" என்று எழுதியிருந்தீர்கள். கீழே சான்றாக ஒரு படம். எங்கள் தலைவருடைய ஃபோனிலிருந்த மெசேஜ். நீங்கள் உற்றுப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் தலையில் சின்னதாக "ஃபோர்வர்டட்" என்று இருக்கிறது. அதை அனுப்பியது உங்கள் மென்பொருள் இல்லை, முகம் தெரியாத ஒரு மனிதர்.

கொழும்புக்கு வந்து இதைக் காட்டினேன். "நல்லபடியா முடிஞ்சிருச்சுதானே, இப்ப ஏன் கிளறுறீங்க?" என்றீர்கள். கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றாகிய தலைப்புகளைப் புது மென்பொருளில் திரும்பப் பிரிக்க முடியாது. பழைய ஃபைலை, உள் அடையாளங்களோடு திரும்ப எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் பெட்டியில் சரி போடாமல் திரும்ப இம்போர்ட் செய்ய வேண்டும். அதைச் செய்தால் முதலில் செய்தது பிழை என்று ஆகிவிடும். அதனால் நீங்கள் செய்யவில்லை. இப்போது அந்த ஒன்றாகிய ஃபைலையே எக்ஸ்போர்ட் செய்து, மாதிரி ஃபைல் என்று சொல்லி மற்ற மாவட்டங்களுக்குக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். அங்கேயும் மேக்கணக்கு இருக்கிறது. அங்கேயும் கடைசிக் காம்பரா இருக்கிறது.

அக்காவும் பிள்ளைகளும் பிள்ளைக் காம்பராவில் தங்கியிருக்கிறார்கள். பகலில் குழந்தைகளைப் பார்க்கும் இடம் அது, இரவில் இவர்கள் பாய் விரிக்கிறார்கள். மற்றவர்கள் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை. மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது, வெடிப்பு முன்னைவிட அகலம். எங்கள் தலைவர் இப்போதும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எஹலியகொட தலைவர் ஒவ்வொரு மெசேஜையும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார், யாரும் சம்பளம் கொடுக்காத வேலை. அவருடைய ஃபோன் ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

எனக்கு வேலை போகலாம். போகட்டும். உங்கள் மன்னிப்பும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. அதற்கு வட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்ப வேண்டாம். அறிக்கை போட்ட அதே இடத்தில், எல்லோரும் வாசிக்கும்படி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இல்லையென்றால் எங்கள் பாடசாலைக்கு வந்து, அன்று மைக் பிடித்த அதே மேடையில் நின்று, லயத்துச் சனத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.

எங்கள் மேக்கணக்கு இன்று உங்கள் ஃபைலில் தனியாக இருக்கிறதா, இல்லையா?